தலைப்பிரசவமும் தண்டவாளமும்

கல்யாணில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த யமுனா, 1874இல் தம் ஒன்பதாம் வயதில் கோபால்ராவ் ஜோஷி என்னும் அஞ்சல் எழுத்தருக்கு மணம் செய்விக்கப்பட்டார். கணவர் முதல் மனைவியை இழந்தவர்; வயதிலும் மிக மூத்தவர். மணத்திற்குப் பின் ஆனந்தி எனப் பெயர் மாற்றப்பட்ட அச்சிறுமி பதினான்காம் வயதில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். உரிய மருத்துவம் கிட்டாமல் அக்குழந்தை பத்தே நாளில் இறந்தது. அந்த இறப்பே அவரை மருத்துவக் கல்வியின் பக்கம் திருப்பியது என்பது பலரும் அறிந்த செய்தி. 1886இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்துக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம். 1887 பிப்ரவரி 26 அன்று, இருபத்திரண்டு வயது நிறைவதற்கு முன்பே, புனேயில் காலமானார்.

ஆனந்திபாயின் வரலாற்றை எழுதியோர் அனைவரும் கோபால்ராவை விரிவாகவே எழுதியுள்ளனர். மனைவியைப் படிக்கவைக்கப் பிடிவாதம் பிடித்த சீர்திருத்தவாதியாகவும், படிக்காதபோது அடித்த கொடுங்கோலராகவும், ஊரார் ஏச்சைப் பொருட்படுத்தாத விசித்திர மனிதராகவும் அவர் நமக்கு அறிமுகமாகிறார். தந்தையாக அவர் தோன்றும் பக்கங்கள் மிகச் சில. பத்து நாள் வாழ்ந்த குழந்தை தாயின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக இடம்பெறுகிறது. தந்தையின் வரலாற்றில் அதற்கு இடமே இல்லை. மகாராஷ்டிரத்தில் குழந்தைக்குப் பெயரிடும் பார்சே சடங்கு பொதுவாகப் பன்னிரண்டாம் நாள் நிகழும். அந்தக் குழந்தை அந்நாளைக் காணவில்லை.

இந்த இடைவெளியை வரலாற்றாசிரியர்களின் கவனக்குறைவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. முதல் மகப்பேற்றில் தந்தைக்கென ஓர் இடத்தை அக்காலச் சமூகம் வகுத்திருந்ததா என்பதே முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி. தாய்வீட்டில் பிள்ளை பெறுதல் மராட்டியருக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். மாஹேர் என்று அவர்கள் சொல்வதைத் தமிழர் பிறந்தகம், தாய்வீடு என்கின்றனர். தலைப்பிரசவம் பெண் வீட்டாரின் பொறுப்பு, பெண் வீட்டாரின் செலவு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் புறப்பட்டதும் கணவனின் பங்கு ஒருவாறு முடிந்துவிடுகிறது. பேற்றறையில் மருத்துவச்சி, தாய், பாட்டி, அத்தை ஆகியோர் இருப்பர். ஆண்களுக்குத் திண்ணை. கணவன் அத்திண்ணையிலும் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

கருவுற்றவளின் கணவனுக்குத் தருமநூல்கள் விதித்தவற்றைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். அவை பெரும்பாலும் விலக்குகள். குறித்த மாதத்திற்குப் பின் முடி களையக்கூடாது, கடலில் நீராடக்கூடாது, பிணம் சுமக்கக்கூடாது, புதுவீடு கட்டக்கூடாது, தொலைதூரப் பயணம் கூடாது. இவ்விதிகளில் சில பார்ப்பனர் அல்லாதாரிடமும் வழக்கங்களாக நிலைத்தன. வரவிருக்கும் குழந்தைக்காகத் தந்தை செய்யும் ஆயத்தம் என்பது இவ்வகையில் சிலவற்றைச் செய்யாதிருத்தலே. குழந்தை பிறந்த செய்தி செவியில் விழுந்ததும் உடுத்த ஆடையோடு நீராடவேண்டும் என்ற விதியும் உண்டு. தந்தை பிறப்பைக் காண்பவர் என்று விதி எதிர்பார்க்கவில்லை. கேட்பவர் என்றே எதிர்பார்த்தது. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய புகழ்பெற்ற பாடலும் ஈன்று காத்தலைத் தாய்க்கும், மகனைச் சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் பிரித்துக் கொடுக்கிறது. தந்தையின் கடமை அங்கே குழந்தை வளர்ந்த பின்னரே தொடங்குகிறது.

சில தெருக்கள் கடந்தோ பக்கத்து ஊரிலோ தாய்வீடு இருந்தவரை இவ்வழக்கம் பெரிய பிரிவைத் தரவில்லை. பிள்ளை பிறந்த அன்றே தந்தை வந்து பார்க்கலாம். இருப்புப்பாதை அந்தத் தொலைவை மாற்றியது. 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ஓடத்தொடங்கிய வண்டி 1854 மே 1 முதல் கல்யாண் வரை நீண்டது. அங்கிருந்து ஒரு பாதை வடகிழக்கே தால் கணவாயை நோக்கியும், மற்றொன்று தென்கிழக்கே போர் கணவாயை நோக்கியும் பிரிந்தது. தென்கிழக்குப் பாதை புனே, சோலாப்பூர் வழியே நீண்டு 1871இல் ராய்ச்சூரில் சென்னை இருப்புப்பாதையோடு இணைந்தது. பம்பாயில் வேலை தேடித் தமிழர் வந்ததும், வளைகாப்பு முடிந்த அவர்தம் மனைவியர் திரும்பிச் சென்றதும் கல்யாணின் வழியேதான். கொங்கண் இருப்புப்பாதை 1998இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை பம்பாயிலிருந்து தெற்கே செல்ல இதுவே முதன்மை வழியாக இருந்தது.

வந்தவர் ஒரே வகையினர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். இசுலாமியரும் ஆதிதிராவிடரும் நாடாரும் அவர்களுள் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கங்களிலிருந்து எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் வந்தோர் மாட்டுங்காவில் குடியேறினர். கல்யாணிலும் அதை அடுத்த ஊர்களிலும் இருப்புப்பாதைப் பணியும், அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலை போன்ற அரசுப் பணிகளும் தமிழரை ஈர்த்தன. சாதியிலும் கூலியிலும் இவர்களுக்குள் இருந்த வேறுபாடு பெரிது. ஆயினும் முதல் குழந்தை பிறக்கும்போது தந்தை உடனில்லை என்பதில் தாராவியின் தோல் தொழிலாளிக்கும் மாட்டுங்காவின் எழுத்தருக்கும் வேறுபாடு குறைவு.

1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பம்பாய் நகரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 525 பெண்களே இருந்தனர். நகரம் ஆண்களின் உழைப்பை வாங்கிக்கொண்டது. குடும்பத்தைப் பேணும் பொறுப்பை ஊருக்கே விட்டுவைத்தது. மனைவியை அழைத்துவந்து ஓரறைச் சாலில் குடியமர்த்திய சிலருக்கும் தலைப்பிரசவம் என்றதும் ஊரே நினைவுக்கு வந்தது. இதை மரபுப் பற்று என்று மட்டும் விளங்கிக்கொள்ளக்கூடாது. பத்துக்குப் பத்து அறையில் அண்ணனும் தம்பியும் ஊர்க்காரர் இருவரும் உடன் உறங்கும்போது பேற்றுக்கு இடமேது? பொதுக்குழாயில் விடியுமுன் வரிசையில் நின்று நீர் பிடித்துவர யார் இருக்கிறார்கள்? பிரசவ லேகியம் கிண்டவும் பத்தியம் சமைக்கவும் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டவும் தெரிந்த மூத்த பெண் ஒருத்தி அந்தச் சாலில் இல்லாதபோது, இரண்டு மூன்று நாள் வண்டிப் பயணம் குறைந்த துன்பமாகவே தோன்றியிருக்கும்.

எனவே பம்பாய்த் தமிழ்த் தந்தையின் ஆயத்தம் பணத்திலும் தாளிலும் நடந்தது. மனைவியை அழைத்துச்செல்ல மாமனாரோ மைத்துனரோ வருவதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். பயணச்சீட்டுக்குப் பணம் புரட்டவேண்டும். இருப்புப்பாதை ஊழியர் என்றால் பாஸுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். பிறகு மாதந்தோறும் மணியார்டர். 1880 முதல் அஞ்சலகங்கள் நடத்திய இச்சேவை புலம்பெயர்ந்த தந்தைமையின் முதன்மைக் கருவி எனத் தகும். மணியார்டர் படிவத்தின் அடியில் இரண்டு மூன்று வரி எழுத இடம் இருந்தது. எழுதப்படிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து அவ்வரிகளை நிரப்பியோர் எத்தனை பேர் என்பதை எந்தக் குடிமதிப்பும் கணக்கெடுக்கவில்லை. அஞ்சல் எழுத்தர் கோபால்ராவின் மேசையையும் இத்தகைய தாள்கள் கடந்திருக்கக்கூடும்.

இந்தப் போக்குவரத்து அரசின் புள்ளிவிவரத்தில் விட்டுச்சென்ற தடம் வியப்புக்குரியது. 1921இல் பம்பாய் நகரின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 666 என்று பதிவானது. ஓரறைக் குடியிருப்புகளில் அது 800ஐயும் தாண்டியது. மூன்றில் இரண்டு குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன என்று பொருள்படும் இவ்வெண்கள் அக்காலத்தில் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கின. இன்றும் நூல்களில் எடுத்தாளப்படுகின்றன. ஆனால் இவ்விகிதம் கணக்கிடப்பட்ட முறையைப் பார்க்கவேண்டும். ஓராண்டில் நகரில் பதிவான பிறப்புகளை வகுஎண்ணாகவும், அதே ஆண்டில் நகரில் பதிவான குழந்தை இறப்புகளை வகுபடும் எண்ணாகவும் கொண்டது அது. தாய் ஊருக்குச் சென்று பெற்ற குழந்தை நகரின் பிறப்பேட்டில் ஏறாது. மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் தாயோடு பம்பாய்க்குத் திரும்பி, சாலின் புகையிலும் ஈரத்திலும் நோயுற்று இறந்தால் அது நகரின் இறப்பேட்டில் ஏறும். அக்குழந்தை நகரில் பிறவாமலேயே நகரில் இறக்கிறது. பதிவாகாமல் விடுபட்ட பிறப்புகளும் இதனோடு சேர்ந்துகொண்டன. விகிதம் வீங்கியதற்கு இவையும் காரணம் என்பதை அக்கால அதிகாரிகளே அறிந்திருந்தனர்.

இவ்வாறு ஊருக்குச் சென்றுவந்தோருள் பெரும்பாலோர் இரத்னகிரி, சாத்தாரா மாவட்டங்களின் மராட்டியர். தமிழரின் எண்ணிக்கை அவர்களோடு ஒப்பிடச் சிறிது. ஆயினும் இந்தக் கணக்கின் குறைபாட்டிலிருந்து ஒன்று புலனாகிறது. தந்தையும் தாயும் வேறு இடங்களில் இருக்கும் பிறப்பு, விதிவிலக்காக இல்லாமல் ஒரு மாநகரத்தின் புள்ளிவிவரத்தையே கோணச்செய்யும் அளவுக்குப் பொதுவழக்காக இருந்திருக்கிறது. எண் மிகையானது என்பதால் துயரம் மிகையானது ஆகிவிடாது. திரும்பிவந்த குழந்தையைத் தந்தை முதன்முதலாகக் கண்டதும் அந்த அறையில்தான். பலர் இழந்ததும் அதே அறையில்தான்.

சட்டம் இப்பிரச்சினைக்குள் நுழைந்தபோது தாயையும் ஆலையையும் மட்டுமே கண்டது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மகப்பேற்றுப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை ஏற்றது. 1924இல் என். எம். ஜோஷி மத்தியச் சட்டப்பேரவையில் கொண்டுவந்த மகப்பேற்று உதவி மசோதா மறு ஆண்டு தோற்றது. பின்னர் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் அத்தகைய மசோதா வந்தபோது, 1928 ஜூலையில் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்பதும், செலவில் அரசுக்குப் பங்கு உண்டு எனினும் உழைப்பின் பயனை நுகரும் முதலாளி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதும் அவர் வாதத்தின் சாரம். 1929இல் பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு எட்டணா என்னும் வீதத்தில் ஆலைப் பெண்தொழிலாளர்க்கு உதவித்தொகை கிடைத்தது. சென்னை மாகாணம் 1934இல் தன் சட்டத்தை இயற்றியது.

அம்பேத்கரின் வாதம் அக்காலத்தில் துணிவானது. இன்றும் அதன் வலிமை குறையவில்லை. ஆயினும் அவ்விவாதங்கள் குழந்தை பிறப்பில் பொறுப்புடையோராகக் கண்டது தாயையும் முதலாளியையும் அரசையும்தான். ஆலைக்கு வெளியே தோல் கிடங்கிலும் சாலைப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருந்த பெண்களைச் சட்டம் எட்டவில்லை. ஊருக்குச் சென்றுவிட்ட தொழிலாளியின் மனைவியையும் எட்டவில்லை. விடுப்பின்றி பம்பாயில் நின்றுவிட்ட கணவன் எந்த வகுப்பிலும் அடங்கவில்லை. அவன் கூலி ஈட்டுவான், ஊருக்கு அனுப்புவான் என்ற எடுகோளின் மேல்தான் முழு ஏற்பாடும் நின்றது. தருமநூல் அவனைச் செய்தி கேட்பவனாக வைத்திருந்தது. தொழிலாளர் சட்டம் அவனைக் கூலி அனுப்புபவனாக வைத்தது.

செய்தி வந்தது தந்தியில். தாயும் சேயும் நலம் என்னும் பொருள்படும் மூன்று நான்கு சொற்கள். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் அதற்குமேல் ஊரிலிருந்து யாரும் எழுதவில்லை. எடை, நேரம், யார் சாயல் என்பனவெல்லாம் பின்னால் வரும் கடிதத்தில். 1950க்குப் பிறகு அது இன்லண்ட் லெட்டர். அஞ்சல் தந்தித் துறை வாழ்த்துத் தந்திகளுக்கென வகுத்திருந்த எண்ணிட்ட வாசகங்களில் புதுவரவுக்கான வாழ்த்தும் ஒன்று. எண்ணை மட்டும் சொன்னால் போதும், வாசகம் மறுமுனையில் முழுதாகத் தட்டச்சாகி வரும். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று அஞ்சிய குடும்பங்களில், மனைவி நிறைமாதமாக இருக்கும்போது வாசலில் தந்திக்காரர் நின்றால் கணவன் என்ன நினைத்திருப்பான் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றபோது எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகள் போரையும் அரசியலையும் சாவையும் மிகுதியாகப் பேசின. பிறப்பைக் குறைவாகவே பேசின.

மாற்றம் மெல்ல வந்தது. 1926இல் பரேலில் தொடங்கப்பட்ட நவுரோஜி வாடியா மகப்பேற்று மருத்துவமனையும், 1947இல் தாராவியை அடுத்துத் தொடங்கப்பட்ட சயான் மருத்துவமனையும் நகரிலேயே பிள்ளை பெறுவதைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இயலச்செய்தன. சயானில் 1989இல் தாய்ப்பால் வங்கி அமைந்தது; ஆசியாவில் முதலாவது என்று அது குறிப்பிடப்படுகிறது. நகர வாடகை உயர உயரத் தமிழ்க் குடும்பங்கள் பல தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் டோம்பிவிலி, கல்யாண் பக்கம் நகர்ந்தன. இரண்டாம் தலைமுறைப் பெண்ணுக்குத் தாய்வீடு திருநெல்வேலியில் இல்லை; இரண்டு நிலையம் தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்தே பெண் எடுத்தவர் வீட்டிலும் திசை மாறியது. மகள் ஊருக்குப் போவதற்குப் பதிலாக, தாயார் லேகியப் பாத்திரத்தோடு வண்டியேறிக் கல்யாணில் வந்து இறங்குகிறார்.

இப்போது தந்தை ஊரில்தான் இருக்கிறார். ஆனால் அறைக்குள் அவருக்கு இடம் கிடைத்ததா? 2016இல் இந்திய நலவாழ்வு அமைச்சகம் அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணையை அனுமதித்து நெறிமுறை வகுத்தது. துணையாக வருபவர் பெண் உறவினராக, கூடியவரை தாமே பிள்ளை பெற்றவராக இருக்கவேண்டும். பிற பெண்களின் மறைவு காக்கப்படும் வசதியுள்ள இடங்களில் மட்டும் கணவரை அனுமதிக்கலாம். நெரிசல் மிகுந்த பொது மருத்துவமனையில் இந்த நிபந்தனைக்குப் பொருள் எளிது. தனி அறைக்குப் பணம் கட்டக்கூடிய தந்தை உள்ளே நிற்கலாம். மற்றவர் வெளியே மருந்துச்சீட்டோடு நிற்பார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1960களிலும் 70களிலும் கணவர்கள் பேற்றறைக்குள் நுழைந்த வரலாறு கருத்துமாற்றத்தின் வரலாறாகவே பெரிதும் எழுதப்படுகிறது. இந்தியாவில் அதைக் கட்டடப் பரப்பின் வரலாறாகவும் எழுதவேண்டியிருக்கும்.

ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா என்ற முடிவில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவாக வேண்டும். 1966இல் சிவசேனை தோன்றி மண்ணின் மைந்தர் முழக்கத்தைத் தென்னிந்தியர் மீது திருப்பிய நகரில், சான்றிதழில் பிறந்த ஊர் என்னும் கட்டம் வெறும் தகவலாக இருக்கவில்லை. நாகர்கோவிலில் பிறந்ததாகப் பதிவான குழந்தை, மகாராஷ்டிரக் குடியிருப்புச் சான்று கேட்கும்போது ஆண்டுக்கணக்கான வசிப்பை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தாய்வீட்டுப் பேறு என்னும் பழைய வழக்கம் புதிய அரசியலில் குழந்தையை அயலாராக்கும் சான்றாகத் திரும்பியது. குழந்தையின் வருகைக்கு ஆயத்தமாகும் தந்தைக்கு இது தொட்டில் வாங்குவதைவிடப் பெரிய கவலை.

தந்தை என்ற தகுதியில் விடுப்புக்கு உரிமை கிடைத்தது 1997இல். ஐந்தாம் ஊதியக் குழுவை அடுத்து மத்திய அரசு தன் ஆண் ஊழியர்க்குப் பதினைந்து நாள் விடுப்பு வழங்கியது. சுவீடன் தந்தையர்க்கும் பொதுவான பெற்றோர் விடுப்பை 1974இலேயே கொண்டுவந்திருந்தது. மத்திய அரசின் விதிப்படி இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ளவர், பேற்றுக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து பேற்றுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் அவ்விடுப்பை எடுக்கலாம். எடுக்காவிட்டால் காலாவதியாகும். இருப்புப்பாதை ஊழியர்க்கும் இவ்விடுப்பு உண்டு. ஆகவே கல்யாணில் இதனால் பயன்பெறும் குடும்பங்கள் கணிசம். தனியார் துறைக்கு அத்தகைய சட்டம் இல்லை. 2017இல் மகப்பேற்று உதவிச் சட்டம் திருத்தப்பட்டுத் தாய்மாரின் விடுப்பு 26 வாரமானபோதும் தந்தைக்கென எதுவும் சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலித் தொகுதி உறுப்பினர் ராஜீவ் சாதவ் தந்தையர் உதவிக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியும் தாராவியின் தோல் பட்டறைக்காரரும் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. அவர்தம் பாட்டனார் காலத்து நிலையும் அதுவே.

உரிமை உள்ளவரின் கணக்கும் எளிதன்று. மனைவியை இன்றும் தாய்வீட்டுக்கு அனுப்பும் குடும்பத்தில், கல்யாணில் நாகர்கோவில் விரைவுவண்டி ஏறும் தந்தைக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை நாள், திரும்ப ஒன்றரை நாள். பதினைந்தில் மூன்று கழிந்தால் பன்னிரண்டு. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே புறப்பட்டால் காத்திருப்பிலேயே விடுப்புக் கரையும். தொலைபேசியில் செய்தி வந்தபின் புறப்பட்டால், முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே சோலாப்பூரைக் கடக்கவேண்டும்.